காட்டுப் புல்லும் உர மூட்டையும்

விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடுவோர் ஒன்றைத் தவறாமல் காண்பர். சாகுபடிப் பருவத்தில் மிகுதியாக வந்திறங்குவதும், மிக விரைவில் தீர்ந்துபோவதும் யூரியாவே. மூட்டை அங்கத்தினரின் வண்டியில் ஏறியதும் சங்கத்தின் கணக்கில் அது விற்பனையாகப் பதிவாகி முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் அம்மூட்டையிலுள்ள சத்து எங்கே செல்கின்றது, எவ்வளவு பயிருக்குச் சேர்கின்றது, எவ்வளவு வீணாகின்றது என்னும் கணக்கை நாம் எழுதுவதில்லை. விஞ்ஞானிகள் அதனை எழுதிப் பார்த்திருக்கின்றனர். அக்கணக்கையும், அதனைச் சீர்செய்ய அவர்கள் நாடியுள்ள ஒரு காட்டுப் புல்லின் வரலாற்றையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

ஒரு மூட்டையின் கணக்கு

இன்று விற்கப்படும் யூரியா மூட்டை 45 கிலோ எடையுள்ளது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. உலகெங்கும் தானியப் பயிர்களுக்கு இடப்படும் தழைச்சத்தில் நூற்றுக்கு 33 பங்குதான் தானியத்தில் வந்து சேருகின்றது என்று 1999இல் ரான், ஜான்சன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். அந்த விகிதப்படி பார்த்தால், ஒரு மூட்டையில் சுமார் 7 கிலோ தானியமாகத் திரும்பி வருகின்றது. எஞ்சிய பதினான்கு கிலோவில் ஒரு பகுதி வைக்கோலிலும் மண்ணிலும் தங்குகின்றது. மற்றது நீரோடும் காற்றோடும் போய்விடுகின்றது.

கடன் வாங்கி உரம் இடும் குடியானவருக்கு இதன் பொருள் தெளிவு. அவர் வட்டி கட்டுவது முழு மூட்டைக்கும். பயன் பெறுவது அதில் ஒரு பங்குக்கு.

மண்ணுக்குள் நிகழ்வது

மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகின்றது. அம்மோனியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. எளிதில் அடித்துச் செல்லப்படாது. பயிரின் வேர் அதனை அப்படியே உறிஞ்சிக்கொள்ளவும் வல்லது. ஆனால் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை உண்டு அதனை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் மண்ணோடு ஒட்டுவதில்லை. மழை பெய்தாலும் நீர் பாய்ச்சினாலும் கீழிறங்கிக் கிணற்று நீரிற் கலக்கின்றது. நீர் தேங்கிக் காற்றோட்டம் குன்றிய இடங்களில் வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக்கி மேலே அனுப்புகின்றன. அவ்வாறு எழும் வாயுக்களுள் ஒன்று நைட்ரஸ் ஆக்ஸைடு.

இவ்வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக் காலத்தை வைத்துக் கணக்கிட்டால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல 273 மடங்கு பூமியைச் சூடாக்கும் ஆற்றலுடையது. மேல் வாயுமண்டலத்திலுள்ள ஓசோன் படலத்தையும் அரிக்கின்றது. பருவநிலை மாற்றத்தை ஆராயும் சர்வதேச அரசுகளின் குழு வகுத்துள்ள பொது விதிப்படி, இடப்பட்ட தழைச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இவ்வடிவில் வெளியேறுவதாகக் கொள்ளலாம். 20.7 கிலோவில் நூற்றுக்கு ஒரு பங்கு 207 கிராம்; நைட்ரஸ் ஆக்ஸைடின் எடையாக மாற்றினால் ஏறத்தாழ 325 கிராம். இது சுமார் 89 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரானது. ஒரே மூட்டையின் கணக்கு இது. ஒரு பருவத்தில் ஒரு சங்கம் ஆயிரம் மூட்டை விற்குமாயின், அதிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறக்குறைய 89 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகும்.

அப்படியானால் உரத்தை நிறுத்திவிடலாமே என்று கேட்கத் தோன்றும். விடை அவ்வளவு எளிதன்று. விளைச்சல் குறைந்தால் அதே அளவு தானியத்துக்கு அதிக நிலம் வேண்டும். அந்த நிலம் காட்டிலிருந்தோ மேய்ச்சல் தரையிலிருந்தோதான் வரவேண்டும். காட்டை வெட்டி உழும்போது மரத்திலும் மண்ணிலும் காலங்காலமாகச் சேர்ந்திருந்த கரி, வாயுவாகி மேலெழுகின்றது. 2019இல் மனிதர் செயலால் உலகில் வெளியான வெப்பவாயுக்கள் அனைத்திலும் சுமார் நூற்றுக்கு 22 பங்கு விவசாயத்தாலும் காடு முதலிய நில உபயோகத்தாலும் நேர்ந்தது என்று மேற்சொன்ன குழு அறிவித்துள்ளது. எனவே விளைச்சல் குறையாமல், நிலத்தைப் பெருக்காமல், உரத்தின் வீணைக் குறைப்பது எப்படி என்பதே கேள்வி.

பயிர்களின் காட்டு உறவினர்

இக்கேள்விக்கு விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் பயிர்களின் காட்டு உறவினரிடம் சென்றிருக்கின்றனர். நாம் பயிரிடும் நெல், கோதுமை, கரும்பு, பருத்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் காட்டிலும் கரையிலும் வளரும் நெருங்கிய சொந்தம் உண்டு. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெரிய மணியையும், உதிராத கதிரையும், நீண்ட நூலிழையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். அந்தத் தேர்வில் வேறு பல குணங்கள் விடுபட்டுப் போயின. நோயையும் வறட்சியையும் உப்பையும் ஏழை மண்ணையும் தாங்கும் குணங்கள், யாரும் கவனியாத காட்டுச் செடிகளிடத்தில் அப்படியே தங்கிவிட்டன.

இவ்வகை ஆராய்ச்சிக்கு நம் கோயமுத்தூர் ஒரு தாய்வீடு. 1912இல் அங்குக் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கு டாக்டர் பார்பரும், அவருக்குத் துணையாகவும் பின்னர் அவருக்கு அடுத்தவராகவும் விளங்கிய டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் தடித்த கரும்பை, கரும்பின் காட்டு உறவான நாணற்புல்லோடு கலந்தனர். பிறந்தது கோ. 205. 1918இல் பஞ்சாபுக்கென வெளியிடப்பட்ட அக்கரும்பு வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியமைத்தது. சாறில்லாத நாணலிடமிருந்து கரும்புக்குக் கிடைத்தது கடினமான நிலத்திலும் தழைக்கும் வலிமை.

நெல்லில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. புகையான் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோய் 1970களில் ஆசிய நாடுகளில் பெரும் சேதம் விளைத்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைப் பரிசோதித்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து திரட்டப்பட்ட ஒரேயொரு காட்டு நெல் மாதிரியில்தான் எதிர்ப்புச் சக்தி தென்பட்டது. வடமொழியில் காட்டு நெல்லுக்கு வழங்கும் 'நீவாரம்' என்னும் பெயரையே அந்த இனத்தின் விஞ்ஞானப் பெயரும் தாங்கியுள்ளது. டாக்டர் குர்தேவ் குஷ் முதலியோர் அந்தக் குணத்தை உயர்விளைச்சல் நெல்லுக்குக் கொண்டு வந்தனர். 1976இல் வெளிவந்த ஐ. ஆர். 36 அவ்வழிப் பிறந்ததே. 1980களில் அது ஆசியாவில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று. அந்த ஒரு மாதிரி திரட்டப்படாமல் அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நெசவாளர் அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனப் பகுதியில் ஒரு காட்டுப் பருத்திச் செடி வளர்கின்றது. அதன் காயில் நூற்கத்தக்க பஞ்சே கிடையாது. ஆனால் பீஸ்லி என்னும் ஆராய்ச்சியாளர் 1940ஆம் ஆண்டையொட்டி அதனையும், ஆசியப் பருத்தியையும், அமெரிக்கப் பருத்தியையும் சேர்த்து மும்முனைக் கலப்பு ஒன்றை உண்டாக்கினார். அதன் வழித்தோன்றல்களிடமிருந்து இழைவலிமை மிக்க பருத்தி வகைகள் தோன்றின. பஞ்சற்ற செடி ஒன்று பஞ்சுக்கு வலிமை தந்தது வியப்பே.

மணல்மேட்டுப் புல்லின் குணம்

இப்போது உர மூட்டைக்குத் திரும்புவோம். கோதுமைக்கு நெருங்கிய உறவான புல் ஒன்று, தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா, சைபீரியா வரையிலுள்ள மணற்பாங்கான இடங்களில் வளர்கின்றது. லைமஸ் ரசெமோஸஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஆண்டுதோறும் விதைக்க வேண்டாத பல்லாண்டுப் புல் அது. சத்தற்ற மணலில் கிடைக்கும் சிறிதளவு தழைச்சத்தையும் கைவிடாமல் காத்துக்கொள்ளும் உபாயம் ஒன்று அதற்கு உண்டு. அதன் வேர்கள் கசியவிடும் ஒரு வகைச் சாறு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுத்துவிடுகின்றது.

ஜப்பானில் சுக்குபா நகரிலுள்ள சர்வதேச விவசாய ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் ஜி. வி. சுப்பாராவும் அவருடைய தோழர்களும் இக்குணத்தை 2007இல் வெளியிட்டனர். அவர்கள் சோதித்த முறை சுவையானது. மண்ணில் அம்மோனியத்தை உண்ணும் நுண்ணுயிர் ஒன்றை, உயிர்ப்புடன் இருக்கும்போது ஒளி வீசுமாறு மாற்றியமைத்து வைத்துக்கொண்டனர். வேர்ச்சாற்றை அதனோடு சேர்த்தபோது ஒளி மங்கினால், சாற்றில் தடுக்கும் பொருள் உண்டு என்பது தெளிவு. எவ்வளவு மங்குகின்றதோ அவ்வளவு தடுப்பு. இந்தச் சோதனையில் பயிர்க் கோதுமையின் வேர்ச்சாறு ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. காட்டுப் புல்லின் சாறு ஒளியை நன்றாக மங்கச் செய்தது.

அடுத்த வேலை, புல்லின் எந்தக் குரோமசோம் இக்குணத்தைத் தாங்குகின்றது என்று கண்டுபிடிப்பது. கோதுமையில் 42 குரோமசோம்கள் உள்ளன. புல்லின் குரோமசோம்களை ஒவ்வொன்றாகக் கோதுமையில் சேர்த்த தனித்தனி வகைகளை ஆராய்ச்சியாளர்கள் கலப்பின் மூலம் முன்னரே உண்டாக்கி வைத்திருந்தனர். அவற்றைச் சோதித்ததில், ஒரு குரோமசோமைப் பெற்ற கோதுமை மட்டும் புல்லைப் போலவே நடந்துகொண்டது. மேலும் ஆராய்ந்து, அந்தக் குரோமசோமின் குட்டைக் கையிலேயே அக்குணம் இருப்பதைக் கண்டனர். கோதுமையின் ஒரு குரோமசோமில் அதற்கொத்த கையை நீக்கி, அவ்விடத்தில் புல்லின் கையைப் பொருத்திய வகையும் பிறந்தது.

மெக்ஸிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்துடன் சேர்ந்து, அந்தத் துண்டை முனால், ரோல்ஃப்ஸ் முதலிய உயர்விளைச்சல் கோதுமைகளுக்கு மாற்றினர். இதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. வேரிலிருந்து கசியும் தடுப்புப் பொருள் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வயலில் வளர்ந்த பயிரின் வேரடி மண்ணை எடுத்து ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது, நைட்ரேட் உண்டாவது குறைந்தது. நைட்ரஸ் ஆக்ஸைடும் குறைந்தது. தழைச்சத்து குறைவாக இட்ட பாத்திகளிலும் நிறைய இட்ட பாத்திகளிலும் முனால் கோதுமையின் விளைச்சல் கூடியது. மாவின் புரதமும் ரொட்டி செய்யும் குணமும் கெடவில்லை.

உலகில் இடப்படும் தழைச்சத்து உரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கோதுமைக்கே செல்வதால், இதன் விளைவு சிறியதன்று. இம்முறையில் அயல் மரபணுவைத் தனியே வெட்டிப் புகுத்தவில்லை. உறவினருக்குள் கலப்புச் செய்து, பின்னர் பயிர்க் கோதுமையோடே திரும்பத் திரும்பக் கலந்தனர். இதனைப் பின்கலப்பு என்பர். முதற் கலப்பில் பாதிக்குப் பாதி காட்டுக் குணம் இருக்கும். ஒவ்வொரு பின்கலப்பிலும் அது பாதியாகக் குறைகின்றது. மூன்றாவதில் சராசரி பதினாறில் ஒரு பங்கு. வேண்டாத குணங்கள் கழிந்து வேண்டிய ஒன்று மட்டும் நிற்கும் வரையில் இவ்வேலை நடைபெற வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆவதன் காரணம் இதுவே.

எச்சரிக்கை

புதிய வித்து என்றதும் நாளையே சங்கத்தில் கிடைக்கும் என்று எண்ணலாகாது. வாயுவைப் பற்றிய மேற்சொன்ன முடிவு ஆய்வகத்தில் வைத்த மண்ணிற் பெறப்பட்டது. களிமண், மணல், உவர் என மண்ணுக்கு மண் வேரின் சாறு வேறுபட்டு வேலை செய்யும். இந்தியக் கோதுமை நிலங்களுக்கு ஏற்ற வகைகளை உண்டாக்கும் பொருட்டு ஜப்பானிய மையத்தோடு நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் கூட்டாக உழைக்கின்றன. அந்த முடிவுகளைப் பொறுமையுடன் பார்க்க வேண்டும்.

நம் பகுதியோ நெல் விளையும் பகுதி. நீர் நிற்கும் நெல் வயலில் நைட்ரேட் உண்டாவது குறைவு. ஆனால் அங்கே மீத்தேன் என்னும் மற்றொரு வெப்பவாயு எழுகின்றது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் கணிசமாகக் குறையும், நீரும் மிச்சமாகும். ஆனால் வயல் காய்ந்து காய்ந்து நனைவதால் நைட்ரஸ் ஆக்ஸைடு சற்றே கூடவும் கூடும். ஒரு கையால் குறைத்ததை மறு கையால் கூட்டாமலிருக்க, உரத்தை அளந்து, பிரித்து, நேரமறிந்து இடுவது இன்றியமையாதது.

வேம்பும் சோளமும்

காட்டுப் புல் செய்யும் அதே வேலையை வேறு வழியில் செய்யும் பொருள் நம் தோட்டத்திலேயே உண்டு. யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடும் வழக்கத்தை அங்கத்தினர் பலர் அறிவர். வேம்பிலுள்ள சத்துக்கள் நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை மெதுவாக்குகின்றன என்பதைப் புது டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1970களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் பயிரிடும் சோளமும் இத்தகைய பொருளைத் தன் வேர்த் தூவிகளிலிருந்து கசியவிடுகின்றது. சோர்கோலியோன் என்பது அதன் பெயர். தென் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளரும் பிரக்கியாரியா என்னும் தீவனப் புல்லிலும் இக்குணம் வலுவாக இருப்பதைச் சுப்பாராவ் குழுவினர் 2009இல் காட்டினர். ஆகவே மானாவாரிச் சோளத்தை வெறும் ஏழைப் பயிர் என்று ஒதுக்குவது சரியன்று. நாளைய ஆராய்ச்சிக்கு வேண்டிய குணங்கள் நம் புன்செய் நிலத்திலேயே இருக்கின்றன.

உறவினர் அழியாமல் காத்தல்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒன்று விளங்கும். பயிரின் காட்டு உறவினர் வாழுமிடம் உழாத நிலம்: ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், புறம்போக்கு, காட்டின் விளிம்பு. எந்த நிலத்தை அழித்தால் கரி வாயுவாகி எழுகின்றதோ, அந்த நிலத்திலேயே நாளைய வித்துக்கு வேண்டிய குணங்களும் இருக்கின்றன. ஒரே கலப்பையால் இரண்டும் போய்விடும்.

2016இல் வெளியான ஓர் உலக ஆய்வு, 81 பயிர்களுக்கு உறவான 1,076 காட்டு வகைகளைக் கணக்கெடுத்தது. அவற்றுள் 313 வகைகளின் வித்து உலகின் வித்துக் களஞ்சியங்களில் ஒன்றுகூட இல்லை. மற்றும் 257 வகைகளுக்குப் பத்துக்கும் குறைந்த மாதிரிகளே இருந்தன. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றை அவசரமாகத் திரட்ட வேண்டும் என்று அவ்வாய்வு கூறிற்று.

இவற்றைக் காப்பவர்க்குச் சட்டத்திலும் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, நாட்டு வகைகளையும், பொருளாதாரப் பயன் தரும் பயிர்களின் காட்டு உறவினரையும் காத்துத் தேர்ந்து மேம்படுத்தும் விவசாயி, அதற்கென அமைந்த மரபணு நிதியிலிருந்து அங்கீகாரமும் பரிசும் பெற உரிமையுடையவர். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைந்து, அவ்வூரின் செடி கொடிகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கின்றது. ஊரில் இத்தகைய பதிவேடு உண்டா என்று விசாரிப்பது அங்கத்தினர் கடமை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் செய்வதைச் சங்கம் செய்ய இயலாது. ஆயினும் சங்கத்தின் சக்திக்கு உட்பட்ட காரியங்கள் பல உள.

முதலாவது, உரக் கடன் மனுவோடு மண் பரிசோதனை முடிவையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். மண்ணுக்குத் தேவையில்லாத மூட்டைக்குக் கடன் கொடுப்பது அங்கத்தினருக்குச் செய்யும் உதவியன்று.

இரண்டாவது, இலை வண்ண அட்டைகளை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்து, நெற்பயிருக்குத் தழைச்சத்து எப்போது வேண்டும் என்பதை இலையின் நிறத்தைக் கண்டு அறியக் கற்பிக்கலாம். செலவு சொற்பம், மிச்சம் கண்கூடு.

மூன்றாவது, நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு விதைப்பதை ஊக்குவித்து, அவ்விதைகளைக் காலத்தில் வரவழைத்துத் தரலாம். பயறு வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே வேரில் சேர்ப்பவை.

நான்காவது, பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் உள்ள இயற்கைப் புல்வெளியில் ஒரு பகுதியையேனும் தீயிடாமலும் உழாமலும் விட்டுவைக்குமாறு ஊராட்சியை வேண்டலாம். அங்கு வளரும் காட்டு நெல், நாணல், காட்டுப் பயறு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டறிந்து உள்ளூர்ப் பெயரோடு பதிவேட்டில் எழுதுவிக்கலாம். பெயர் தெரிந்த முதியோர் மறைந்த பின் அப்பெயர்களைத் தேடினாலும் கிட்டா.

இக்காரியங்களில் எதற்கும் அரசின் மானியத்தை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இந்நான்கில் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளுமாறு சங்கத் தலைவர்களையும் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக்கொள்கின்றேன். விற்ற மூட்டைகளின் எண்ணிக்கையோடு, அவற்றால் விளைந்த மூட்டைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு எழுதும் ஒரு பத்தியை இருப்புப் பதிவேட்டில் சேர்த்தால், நம் பணமும் நம் மண்ணும் எங்கே போகின்றன என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும்.